ஆக்ஸம்: மண்டிக் கணக்கு எழுதிப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் வலைச் சர்வர் எழுத முனைகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் ஃபிரேம்வொர்க்குகளுள் ஆக்ஸம் முக்கியமானது. டோக்கியோ என்னும் ரஸ்ட் நூலகத்தை உருவாக்கும் குழுவினர் 2021 ஜூலை இறுதியில் இதனை அறிவித்தார்கள், 0.8 பதிப்பு 2025 ஜனவரி முதல் நாளில் வெளியானது. இந்த மதிப்பீடு அந்தப் பதிப்பை வைத்தே எழுதப்படுகிறது. நொடிக்கு எத்தனை லட்சம் கோரிக்கைகளுக்கு விடை அனுப்புகிறது என்னும் பந்தய அட்டவணைகளை நான் பொருட்படுத்தவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழ மண்டியின் எடைச்சீட்டுகளைப் பதிந்து, கழிவும் கமிஷனும் போக விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட்டுச் சொல்லும் சிறு சர்வர் ஒன்றை இதில் எழுதி, புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்த்தேன்.

இந்த அளவுகோலுக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் காய் வரத்து சித்திரையில் தொடங்கி ஆடி வரை நீளும். செந்தூரா, பீத்தர், அல்போன்சா, மல்கோவா என்று ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு விலையில் வரும். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா டன் கணக்கில் வந்து இறங்கும். அந்த மாதங்களில் சர்வர் நின்றுபோனால் ஓடிவந்து பார்க்கத் தனியாக ஆள் கிடையாது. எழுதியவரேதான் பராமரிப்பாளர், அவருக்கும் அப்போது வேறு நாலு மண்டிகளில் வேலை இருக்கும். வேலையைத் தொடங்கும்போதே மண்டியின் கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார்: "தம்பி, நீங்க எதுல வேணா செய்யுங்க, எனக்கு அது தெரியாது. ராத்திரி லாரி நிக்கறப்ப சீட்டு வரலைன்னா ஆளுங்க என்னைத்தான் கேப்பாங்க." ஆகவே ஃபிரேம்வொர்க்கிடம் நான் எதிர்பார்த்தது ஒன்றுதான். தவறு இருந்தால் அது மாசி மாதத்தில் என் மேசையிலேயே தெரிந்துவிட வேண்டும். வைகாசியில் மண்டியில் தெரியக் கூடாது.

நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. லினக்ஸில் ரஸ்ட்அப் நிறுவியை ஓட்டினால் நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலரும், நூலகங்களை இறக்கிச் சேர்க்கும் கார்கோவும் வந்துவிடுகின்றன. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி++ பில்ட் டூல்ஸும் தேவை. அது சில ஜிபி அளவுள்ள பதிவிறக்கம் என்பதால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி அமர்கிறவர்கள் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அதன்பின் கார்கோ வழியாக ஆக்ஸம், டோக்கியோ, தரவை வடிவம் மாற்றித் தரும் செர்டே ஆகிய மூன்று கிரேட்களை (ரஸ்டில் நூலகத்துக்குப் பெயர் கிரேட்) சேர்த்தால் போதும். டோக்கியோவைச் சேர்க்கும்போது அதன் ஃபீச்சர்களில் 'ஃபுல்' என்பதையும், செர்டேவைச் சேர்க்கும்போது 'டிரைவ்' என்பதையும் குறிப்பிட வேண்டும்; முன்னதை விட்டுவிட்டால் முதல் நிரலே கம்பைல் ஆகாது, பின்னதை விட்டால் தரவைப் பெறும் முதல் நிரல் கம்பைல் ஆகாது. முதல் நிரல் பத்துப் பதினைந்து வரிதான்: கோரிக்கைகளை முகவரி பார்த்துப் பிரித்தனுப்பும் ஒரு ரௌட்டர், அதில் ஒரு முகவரி, அந்த முகவரிக்கு ஓர் அசிங்க் ஃபங்ஷன் (காத்திருக்கும் இடத்தில் மற்ற வேலைகளுக்கு வழிவிடுவது; இதைத்தான் ஹேண்ட்லர் என்கிறார்கள்), கடைசியில் ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருக்கும் வரி. எடுத்துக்காட்டுகள் பலவற்றில் அந்த வரி 127.0.0.1 என்னும் முகவரியைத் திறக்கும். அப்படியே வைத்தால் அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே சர்வர் தெரியும். மண்டியின் வைஃபையில் இருக்கும் கைப்பேசிகளிலிருந்து பார்க்க வேண்டுமானால் அதை 0.0.0.0 என்று மாற்றியாக வேண்டும்.

ஆக்ஸம் தனியாக முளைத்ததன்று. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி விதிமுறையைக் கவனிப்பது ஹைப்பர். ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பங்கிட்டு ஓட்டுவது டோக்கியோ. கோரிக்கைக்கும் நம் ஃபங்ஷனுக்கும் இடையில் வரும் மிடில்வேர் அடுக்குகள் அனைத்தும் டவர் என்னும் பொதுத் தொகுப்பைச் சேர்ந்தவை. இவற்றை இணைத்து முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் மெல்லிய அடுக்குதான் ஆக்ஸம். தன் சொந்த நிரலில், கம்பைலரின் நினைவகப் பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்தும் அன்சேஃப் பகுதி ஒன்றுகூட இல்லாதபடி தடை போட்டுக்கொண்டிருக்கிறது. முகவரிகளை எழுத மேக்ரோக்கள் (நிரலை எழுதித் தரும் நிரல்கள்) வேண்டியதில்லை. சாதாரண ஃபங்ஷன்களையே ரௌட்டரில் கோக்கலாம். இந்த எளிமைதான் புதியவரை முதலில் ஈர்க்கிறது, சற்று நேரத்தில் திகைக்க வைப்பதும் இதுவேதான்.

இதன் உயிர்நாடி எக்ஸ்ட்ராக்டர் என்னும் ஏற்பாடு. ஹேண்ட்லர் ஃபங்ஷனின் அளபுருக்களாக எதை எழுதுகிறோமோ அதைக் கோரிக்கையிலிருந்து எடுத்துத் தருவது ஆக்ஸத்தின் பொறுப்பு. முகவரியில் உள்ள சீட்டு எண் வேண்டுமானால் பாத், கேள்விக்குறிக்குப் பின் வருபவை வேண்டுமானால் குவெரி, ஜேசன் வடிவில் அனுப்பப்பட்ட தரவு வேண்டுமானால் ஜேசன், சர்வர் முழுதும் பகிரும் டேட்டாபேஸ் இணைப்பு வேண்டுமானால் ஸ்டேட். இப்படிப் பதினாறு அளபுருக்கள் வரை எழுதலாம். எடைமேடையில் ஏறாத வண்டியை மண்டிக்குள் விடுவதில்லை அல்லவா, அதைப் போலவே எக்ஸ்ட்ராக்டரின் சோதனையில் தேறாத தரவு ஹேண்ட்லரின் முதல் வரியைக்கூடத் தொட முடியாது.

இதன் பயன் எடைச்சீட்டில் உடனே தெரிந்தது. சீட்டின் புலங்களைத் தொகுத்துச் சொல்லும் ஸ்ட்ரக்டில் கிலோ என்னும் புலத்தை முழு எண் என்று அறிவித்திருந்தேன். கைப்பேசிச் செயலியை எழுதிய நண்பர் அதை மேற்கோள் குறிக்குள் வைத்து எழுத்துச் சரமாக அனுப்பினார். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சர்வராக இருந்தால் இது பேசாமல் உள்ளே நுழைந்து, இரண்டு எடைகளைக் கூட்டும் இடத்தில் 1240-ஐயும் 860-ஐயும் ஒட்டி 1240860 என்று காட்டியிருக்கும். அதை விலையால் பெருக்கிய தொகையைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்திருப்பார். ஆக்ஸம் 422 என்னும் நிலைக்குறியீட்டுடன் திருப்பியனுப்பியது; எந்தப் புலத்தில், எந்த வகையை எதிர்பார்த்து, எது வந்தது என்பதையும் விடையிலேயே எழுதியிருந்தது. ஜேசனின் இலக்கணமே பிழையாக இருந்தால் 400, உள்ளடக்க வகைத் தலைப்பு விடுபட்டால் 415 என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்கிறது. 0.8 பதிப்பில் இன்னொரு நல்ல திருத்தமும் வந்தது. முன்பெல்லாம் எக்ஸ்ட்ராக்டரை, 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று குறிக்கும் ஆப்ஷனுக்குள் பொதிந்து எழுதினால், தரவு வராமல் போனாலும் தவறாக வந்தாலும் இரண்டையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். இப்போது இல்லாதது வேறு, பிழையானது வேறு என்று பிரித்துப் பார்க்கிறது. குறையும் உண்டு. அந்தப் பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில், நிரலாளருக்கென்று எழுதப்பட்டவை. மண்டியில் இருப்பவர் படிக்கும்படி "எடை எண்ணாக இருக்க வேண்டும்" என்று தமிழில் காட்ட விரும்பினால், ஜேசன் எக்ஸ்ட்ராக்டரைச் சுற்றி நாமே ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். அது கடினமான வேலை அன்று. ஆனால் தொடக்கநிலைக் குறிப்புகளில் அதற்கு உரிய இடம் தரப்படவில்லை.

எடைச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் வசதியைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கோரிக்கையின் உடலுக்கு ஆக்ஸம் இயல்பாக 2 எம்பி வரம்பு வைத்திருக்கிறது. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்று அதைச் சுலபமாகத் தாண்டும். வரம்பை உயர்த்த ஒரே வரி போதும். ஆனால் எல்லா முகவரிகளுக்கும் உயர்த்தாமல் படம் வரும் முகவரிக்கு மட்டும் உயர்த்துவதுதான் முறை.

இனி, தொடங்குகிறவர்களில் பாதிப்பேரை விரட்டிவிடக்கூடிய குறைக்கு வருகிறேன். ஹேண்ட்லரை எழுதி ரௌட்டரில் கோத்ததும், "இந்த ஃபங்ஷனுக்கு ஹேண்ட்லர் டிரெய்ட் பொருந்தவில்லை" என்னும் பொருளில் ஒரு நீண்ட பிழைச்செய்தி வரும். (டிரெய்ட் என்பது ஒரு டைப், அதாவது தரவு வகை, எதையெல்லாம் செய்ய வேண்டும் என்னும் ஒப்பந்தம்.) சிவப்புக் கோடு பிழை இருக்கும் ஃபங்ஷனின்மேல் விழாது; அதை ரௌட்டரில் கோத்த வரியின்மேல் விழும். காரணம் ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். ஃபங்ஷனுக்கு முன் அசிங்க் என்ற சொல் இல்லாதிருக்கலாம். ஜேசன் போல உடலைப் படித்துத் தீர்க்கும் எக்ஸ்ட்ராக்டர் கடைசி அளபுருவாக இல்லாதிருக்கலாம். உடலை ஒரு முறைதான் படிக்க முடியும் என்பதால் அது கடைசியில்தான் வர வேண்டும் என்பது விதி. எக்ஸ்ட்ராக்டர் அல்லாத ஒன்றை அளபுருவாக எழுதியிருக்கலாம். திருப்பித் தரும் மதிப்பை வலை விடையாக மாற்றத் தெரியாதிருக்கலாம். அல்லது ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஏதோவொன்றை ஓர் இழையிலிருந்து (த்ரெட்) இன்னோர் இழைக்கு அனுப்ப முடியாதிருக்கலாம். இந்த ஐந்துக்கும் ஒரே செய்தி என்பது நியாயமில்லை. ஆக்ஸத்தின் டைப் அமைப்பு இத்தனை நேர்த்தியாக இருந்தும், அந்த நேர்த்தியின் கூலியைப் புதியவரிடம் வசூலிக்கிறது.

இதற்கு மருந்தும் ஆக்ஸத்திலேயே இருக்கிறது. மேக்ரோஸ் என்னும் ஃபீச்சரை இயக்கி, ஹேண்ட்லருக்கு மேல் டீபக்_ஹேண்ட்லர் என்னும் குறிப்பை எழுதினால் உண்மையான காரணத்தை, உரிய வரியைச் சுட்டிச் சொல்லிவிடும். அண்மைக்காலப் பதிப்புகளில் பிழைச்செய்தியின் அடியிலேயே இதைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று ஒரு குறிப்பும் வருகிறது. என் கருத்தில் இந்தக் குறிப்பை முதல் நிரலிலேயே எல்லா ஹேண்ட்லருக்கும் எழுதிப் பழகிவிட வேண்டும்.

பகிரும் நிலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மேசையில் தெரிவதா மண்டியில் தெரிவதா என்னும் கேள்விக்கு ஆக்ஸம் தரும் இரண்டு விடைகளும் இங்கே அருகருகே இருக்கின்றன. டேட்டாபேஸ் இணைப்பை ஹேண்ட்லர்களுக்குக் கொடுக்க ஸ்டேட், எக்ஸ்டென்ஷன் என இரண்டு வழிகள். ஸ்டேட் வழியில் ரௌட்டரின் டைப்பே "எனக்கு இன்ன நிலை இன்னும் தரப்படவில்லை" என்று சுமந்துகொண்டிருக்கும். அதைத் தராமல் சர்வரைத் தொடங்க முயன்றால் கம்பைல் ஆகாது. எக்ஸ்டென்ஷன் வழியில் அதே மறதி கம்பைலர் கண்ணில் படாது. சர்வர் ஓடும், யாராவது அந்த முகவரிக்கு வரும்போது 500 என்று விழும். பழைய பயிற்சிக் காணொளிகள் பலவற்றில் எக்ஸ்டென்ஷனே காட்டப்படுகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் டேட்டாபேஸ் இணைப்பைப் பொறுத்தவரை ஸ்டேட்டைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

அன்றைய விலைப்பட்டியலை நினைவகத்தில் வைத்து, எல்லா ஹேண்ட்லர்களும் படிக்கும்படி, ரஸ்டின் நிலையான நூலகத்தில் உள்ள மியூடெக்ஸ் என்னும் பூட்டுக்குள் வைப்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் அந்தப் பூட்டைக் கையில் வைத்தபடியே டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும் வரியை எழுதினால் ரஸ்ட் கம்பைலர் மறுத்துவிடும். பூட்டைப் பிடித்தவர் காத்திருக்கப் போனால் பின்னால் வருகிறவர்கள் அனைவரும் நிற்பார்கள் என்பது வேறு மொழிகளில் கூட்டம் மிகுந்த இரவில்தான் தெரியவரும். இந்தப் பூட்டோடு இங்கே அப்படி எழுதவே விடுவதில்லை. விலையைப் படித்து நகலெடுத்துக்கொண்டு, பூட்டை விடுவித்துவிட்டு, அதன்பின் காத்திருக்கும்படி நிரலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல்எக்ஸ் கிரேட்டைச் சேர்த்தால் இந்தக் காவல் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது: அதன் குவெரி மேக்ரோ, நாம் எழுதும் கேள்வியை உண்மையான டேட்டாபேஸின் அமைப்போடு கம்பைல் நேரத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கிறது. பத்தியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சர்வர் உருவாகாது.

கம்பைல் ஆனதெல்லாம் சரி என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். முகவரிகளை ஆக்ஸம் கம்பைல் நேரத்தில் சோதிப்பதில்லை. ஒரே முகவரிக்கு ஒரே வினைமுறையில் (கெட், போஸ்ட் போன்றவை) இரண்டு ஹேண்ட்லர்களைக் கோத்தால், சர்வர் தொடங்கும் கணத்தில் பேனிக் ஆகி, அதாவது பிழையோடு முறிந்து, நின்றுவிடும். முகவரியில் மாறும் பகுதியைக் குறிக்க 0.7 வரை முன்னால் முக்காற்புள்ளி இட்டார்கள், 0.8 முதல் நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பழைய முறையில் எழுதினால் நிரல் கம்பைல் ஆகும், ஆனால் தொடங்கியவுடன் விழும். விழுகிறபோது புதிய முறை இன்னதென்று தெளிவாகச் சொல்லிவிட்டு விழுகிறது என்பது உண்மை. தொடங்கும்போதே விழுவது, ஓடும்போது விழுவதைவிட மேல். இருந்தாலும், சர்வரில் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுத் தொடங்குகிறதா என்று பாராமல் பேருந்து ஏறிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆவணங்களின் நிலை இரண்டுங்கெட்டான். ஒவ்வொரு டைப்புக்கும் எழுதப்பட்ட விளக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பாடநூல் கிடையாது. மூலநிரல் களஞ்சியத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் அடைவுதான் உண்மையான பாடம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: களஞ்சியத்தின் முதன்மைக் கிளை, இன்னும் வெளியாகாத அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சுமந்திருக்கும். ஆகவே அங்குள்ள எடுத்துக்காட்டை நகலெடுத்து, கார்கோ இறக்கித் தந்த பதிப்போடு ஓட்டினால் ஒத்துவராமல் போகலாம், 0.8-க்கென்று உள்ள கிளையைப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் எந்தக் காலத்தவை என்று அறிய இரண்டு அடையாளங்களைச் சொல்கிறேன். ஆக்ஸத்தின் 'சர்வர்' என்னும் டைப்பைக் கொண்டு போர்ட்டைத் திறந்தால் அது 2023 நவம்பரில் வந்த 0.7-க்கு முந்தியது, 0.7-இல் அந்த டைப் நீக்கப்பட்டு 'செர்வ்' என்னும் ஃபங்ஷன் வந்தது. முகவரியில் முக்காற்புள்ளி இருந்தால் அது 0.8-க்கு முந்தியது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் எழுதித் தரும் நிரலிலும் இந்த இரண்டையும் முதலில் தேடிப் பாருங்கள், பாதி நேரம் மிச்சமாகும்.

இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இருப்பவர்களுக்கு ரஸ்ட் செய்திருக்கும் பெரிய உதவியை இங்கே பாராட்ட வேண்டும். கார்கோவின் டாக் கட்டளையை ஒரு முறை ஓட்டினால், ஆக்ஸம் உட்பட நாம் பயன்படுத்தும் எல்லா கிரேட்களின் விளக்கங்களும், நம்மிடம் உள்ள அதே பதிப்புக்கு உரியவையாக, கணினியிலேயே பக்கங்களாக உருவாகிவிடுகின்றன. மொழியின் அதிகாரப்பூர்வப் பாடநூலும் ரஸ்ட்அப்போடு வந்துவிடுகிறது. கிரேட்கள் ஒரு முறை இறங்கிவிட்டால் அதன்பின் இணையமின்றியே கம்பைல் செய்யலாம். பர்கூர்ப் பக்கத்து மலையோரக் கிராமங்களிலிருந்து படிக்க வரும் மாணவர்களிடம் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

தமிழ் எழுத்துகளை ஆக்ஸமும் ரஸ்டும் எப்படிக் கையாளுகின்றன என்பது எங்களுக்கு முக்கியம். இங்கே விவசாயிகளின் பெயர் தமிழில் வரும். தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. முகவரியில் தமிழ்ச் சொல் வந்தால் உலாவி அதைச் சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்பும். பாத் எக்ஸ்ட்ராக்டர் அதை மீண்டும் தமிழாக்கித் தருகிறது. அந்த வகையில் குறை ஒன்றுமில்லை. சரத்தை வெட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ரஸ்டின் சரம் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் இருக்கும். அதன் நீளம் பைட்டுகளில் சொல்லப்படும். 'செந்தூரா' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு குறிகளாக எண்ணினால் 8. ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் நீளம் 24. சீட்டு அச்சிடும் சிறு பிரிண்டரின் அகலத்துக்குள் அடக்குவதற்காக அதன் முதல் 10 பைட்டை எடு என்று எழுதினால், ஒரு குறியின் நடுவில் வெட்டு விழுவதால் நிரல் பேனிக் ஆகும். கம்பைலர் இதை எச்சரிக்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதித்தால் பருவம் தொடங்கும் வரை தெரியவே தெரியாது. யூனிகோடு-செக்மென்டேஷன் என்னும் கிரேட்டைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்து வெட்டுவதே சரியான வழி.

அப்படி ஒரு ஹேண்ட்லர் பேனிக் ஆனாலும் சர்வர் முழுதும் விழுந்துவிடாது. அந்த ஒரு இணைப்பு மட்டும் விடையின்றி அறுபடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அறுபடுவதற்குப் பதிலாக 500 என்று ஒழுங்கான விடை போக வேண்டுமானால் டவர்-ஹெச்டிடிபி தொகுப்பில் உள்ள கேட்ச்-பேனிக் அடுக்கைச் சேர்க்கலாம். நேர வரம்பு, பதிவேடு, சுருக்கம் முதலியவையும் அந்தத் தொகுப்பிலேயே ஆயத்தமாக உள்ளன. அடுக்குகளைச் சேர்க்கும் வரிசை முக்கியம்: ஓர் அடுக்கு தனக்கு முன்னால் சேர்க்கப்பட்ட முகவரிகளுக்கு மட்டுமே பொருந்தும். அனுமதிச் சோதனையைச் சேர்த்தபின் கீழே புதிய முகவரி ஒன்றை எழுதினால், அந்த முகவரி பூட்டில்லாத கதவாக நிற்கும். இதைக் கம்பைலரும் சொல்லாது, தொடங்கும்போதும் தெரியாது. இந்த ஃபிரேம்வொர்க்கில் எனக்கு உண்மையான அச்சம் தரும் இடம் இது ஒன்றே. இதற்குச் சோதனை நிரல்தான் தீர்வு; நல்லவேளையாக, ரௌட்டரே ஒரு டவர் சேவை என்பதால் போர்ட் எதையும் திறக்காமல் ஒன்ஷாட் முறையில் கோரிக்கையைக் கொடுத்து விடையைச் சரிபார்க்க முடிகிறது.

கணினியின் பாடு பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கம்பைல் பொறுமையைச் சோதிக்கும். அடுத்தடுத்த கம்பைல்கள் விரைவானவை என்றாலும், பைத்தானில் சேமித்தவுடன் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மந்தமாகத்தான் தோன்றும். எழுதும்போது பில்ட் செய்யாமல் செக் கட்டளையை மட்டும் ஓட்டிப் பழகினால் பெருமளவு நேரம் மிச்சம். டார்கெட் என்னும் அடைவு ஜிபி கணக்கில் வீங்கும். எடிட்டருக்குத் துணையாக ஓடும் ரஸ்ட்-அனலைசர் நினைவகத்தைத் தாராளமாகத் தின்னும். 4 ஜிபி லேப்டாப்பில் இதை முயலச் சொல்லி எந்த மாணவரையும் நான் தூண்ட மாட்டேன்.

கம்பைல் முடிந்தபின் கிடைப்பது ஒரே ஒரு கோப்பு. மண்டியில் எடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கணினியில் அதை நகலெடுத்து, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாகப் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. அங்கே ரஸ்டையோ வேறெதையுமோ நிறுவ வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போது சில எம்பி நினைவகம்தான் எடுத்துக்கொள்கிறது. கணினியில் உள்ள சி நூலகத்தைச் சாராமல் ஓடவைக்கும் மஸ்ல் இலக்குக்குக் கம்பைல் செய்தால் எந்த லினக்ஸ் பதிப்பிலும் ஓடும். ஆனால் எஸ்கியூலைட் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அங்கே ஒரு தடங்கல் வரும். அது சி மொழியில் எழுதப்பட்டது என்பதால் மஸ்லுக்கான சி கம்பைலரையும் நம் கணினியில் நிறுவ வேண்டும். மின்சாரம் போய் வந்தாலும் சேவை தானாக எழுந்துகொள்கிறது. கணக்குப்பிள்ளை இதுவரை குறை சொல்லவில்லை. பிரிண்டர் மை மங்கலாக இருக்கிறது என்று சொன்னதோடு சரி, அதற்கு ஆக்ஸம் பொறுப்பில்லை.

மற்ற ஃபிரேம்வொர்க்குகளோடு ஒப்பிடச் சுருக்கமாகச் சில சொற்கள். ரஸ்டிலேயே ஆக்டிக்ஸ் வெப், ராக்கெட் என இரண்டு உண்டு. ஆக்டிக்ஸ் வெப் 2017 முதல் இருப்பது, முதிர்ந்தது; ஆக்ஸத்தில் செய்வதெல்லாம் அதிலும் செய்யலாம். ராக்கெட்டின் எழுத்துமுறை புதியவருக்கு இன்னும் இனிமையானது, ஆனால் அதன் 0.4-க்கும் 0.5-க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்தாண்டு இடைவெளி விழுந்தது; அதை மறந்துவிட்டு ஒரு தொழிலை அதன்மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கோ மொழியில் இதே சர்வரைப் பாதி நேரத்தில் எழுதியிருக்கலாம் என்பதை மறைப்பதற்கில்லை. நிர்வாகத் திரை, பயனர் கணக்கு, படிவங்கள் எல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்கிறவர்கள் பைத்தானின் ஜாங்கோவை விட்டு வர வேண்டாம். ஆக்ஸத்தில் அவை ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றையும் தனித்தனி கிரேட்டாகத் தேடிக் கோக்க வேண்டியிருக்கும். அடுத்த வாரமே மண்டியில் ஓட வேண்டும் என்று அவசரப்படுகிறவருக்கும் இது உதவாது. எழுதியபின் பல பருவங்களுக்குத் தொடாமல் ஓட வேண்டும், பார்த்துக்கொள்ள ஒரே ஆள்தான் என்னும் நிலைக்கு இதுவரை நான் கண்டவற்றுள் இதுவே பொருத்தமானது.

தொடங்க விரும்புகிறவர்கள் ஆக்ஸத்திலிருந்து தொடங்க வேண்டாம். ரஸ்டின் அதிகாரப்பூர்வப் பாடநூலில் உடைமை, இரவல் பற்றிய 4-ஆம் அத்தியாயத்தையும், டிரெய்ட்கள் பற்றிய 10-ஆம் அத்தியாயத்தையும் தட்டச்சு செய்து பார்த்தபடியே படிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் எந்த ஃபிரேம்வொர்க்கும் இன்றி ஒரு சிறிய வலைச் சர்வரைக் கையாலேயே கட்டுகிறார்கள்; அதைச் செய்து முடித்தவருக்கு ஆக்ஸம் எந்தச் சுமையைத் தூக்குகிறது என்பது விளங்கிவிடும். அதன்பின் களஞ்சியத்தின் 0.8 கிளையில் டூடூஸ், எரர்-ஹேண்ட்லிங், டெஸ்டிங் என்னும் மூன்று எடுத்துக்காட்டுகளை இதே வரிசையில் ஓட்டிப் பாருங்கள்; மூன்றாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.